சிறிய காரின் பிறேக் ஒயிலை அறிந்து பராமரித்தல்

தோட்டம் செய்பவர்களுக்கு விதையையும் உரத்தையும் பற்றி எழுதவேண்டிய பக்கத்தில் காருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களில் பல, காணியின் ஒரு பகுதி திரும்பக் கிடைத்த பின்னரும், வீடு கட்ட வசதியின்றி வாடகை வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இருந்துகொண்டு நாளாந்தம் காணிக்குப் போய்வருகின்றன. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய சிறிய காரை வைத்திருக்கின்றன. காலையில் தெளிகருவி, நீர் இறைக்கும் இயந்திரம், விதைவெங்காயச் சாக்கு எல்லாம் அதற்குள்ளே. மாலையில் அதே காரில் பிள்ளைகள் ரியூசனுக்குப் போகிறார்கள். 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால், வேறு இடத்தில் கழித்துவிடக்கூடிய கார்களையும் நாம் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியான காரில் எஞ்சினைப் பற்றி எல்லோரும் கதைப்பார்கள். பிறேக் ஒயிலைப் பற்றி, மிதி அடிவரை போய்விட்ட நாளில்தான் கதைப்பார்கள். ஆகவே இந்தப் பாடம் அதைப் பற்றியது.

எண்ணெய் எல்லாம் எண்ணெய் அல்ல

யாழ்ப்பாணத்தில் இந்தத் தவறு இலகுவாக நடப்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1990 களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். புகை எழும்பும், எஞ்சின் தட்டும், ஆனால் கார் ஓடும். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், 1995 ஒக்ரோபர் 30 இல் தொடங்கிய பெரிய இடப்பெயர்வில் முதியவர்களைத் தென்மராட்சிக்குக் கொண்டுசேர்த்ததும் அப்படி ஓடிய கார்கள்தான். அந்தக் காலத்து மெக்கானிக்மாரின் கெட்டித்தனத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் அந்த அனுபவம் எமக்குள் ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றது. இல்லாத பொருளுக்குப் பதிலாக இருக்கும் பொருளை ஊற்றிப் பார்ப்பது அது. எஞ்சின் அதைப் பொறுத்துக்கொண்டது. பிறேக் பொறுத்துக்கொள்ளாது.

சில வருடங்களுக்கு முன் எமக்குத் தெரிந்த ஒருவர், கொட்டிலில் நெடுநாள் நின்ற மொறிஸ் மைனரை எடுத்து ஓடத் தொடங்கினார். பிறேக் ஒயில் குறைந்திருந்தது. கையில் இருந்த எஞ்சின் ஒயிலை ஊற்றினார். இரண்டு கிழமைக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு ஒருநாள் கார் இழுக்க மாட்டாமல் நின்றது. நான்கு சில்லுகளும் இறுகிக் கொதித்தன. கராச்சில் சிலிண்டர்களைக் கழற்றியபோது றப்பர் கப்புகள் ஊறிய பயறுபோல வீங்கியிருந்தன.

"என்ன அண்ணை ஊத்தினீங்கள்?" என்று மெக்கானிக் கேட்டார்.

"ஒயில்தான் தம்பி. எஞ்சினுக்கு விடுற நல்ல ஒயில்."

"அதுதான் அண்ணை பிழை."

கப்புகள், றப்பர் குழாய்கள், மாஸ்ரர் சிலிண்டரின் உட்பாகங்கள் என்று றப்பர் சம்பந்தப்பட்ட அனைத்தையும் மாற்றி, இரும்புக் குழாய்களை ஸ்பிரிட் விட்டுக் கழுவவேண்டி வந்தது. அந்தப் போக வெங்காயக் காசில் பாதி அதற்கே போயிற்று. சில்லுகள் இறுகியதால் கார் நின்றது என்பதை அவர் அதிர்ஷ்டம் என்றே கொள்ளவேண்டும். கப்பு கிழிந்து பிறேக் முற்றாகப் போயிருந்தால் கதை வேறு.

பிறேக் ஒயில் என்று நாம் சொல்வது உண்மையில் பெற்றோலியத்திலிருந்து எடுத்த எண்ணெய் அல்ல. இன்றைய பிறேக் ஒயில் பெரும்பாலும் கிளைக்கோல் ஈதர் என்னும் வகை இரசாயனத் திரவம். அது நீருடன் கலக்கும். எஞ்சின் ஒயில் கலக்காது. முதற்காலத்தில், 1921 இல் அமெரிக்காவின் டியூசன்பேர்க் கார் நான்கு சில்லுக்கும் திரவப் பிறேக்குடன் வந்த காலத்தை ஒட்டி, ஆமணக்கெண்ணெயையும் அற்ககோலையும் கலந்து பிறேக்குக்கு ஊற்றினார்கள். எங்கள் வேலியோரத்து ஆமணக்குத்தான். இதை வாசித்துவிட்டு யாரும் ஆமணக்கெண்ணெயைத் தேடிப் போகவேண்டாம். அது அக்காலத்து இயற்கை றப்பருக்குப் பொருந்தியது. இன்றைய செயற்கை றப்பருக்கு ஒவ்வாது.

கால் மிதித்தால் சில்லு எப்படி நிற்கிறது?

இதை வீட்டில் செய்து பார்க்கலாம். ஊசி போடும் பிளாஸ்டிக் சிறிஞ்சுகள் இரண்டை எடுங்கள். ஒன்று சிறியது, மற்றது பெரியது. ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டையும் ஒரு சேலைன் குழாயால் இணையுங்கள். முழுவதும் நீரால் நிரப்புங்கள், ஒரு குமிழிகூட இருக்கக்கூடாது. சிறியதை அமுக்கினால் பெரியதன் தண்டு உடனே வெளியே தள்ளப்படும். அதை விரலால் மறித்துப் பாருங்கள், நீங்கள் அமுக்கிய பலத்திலும் கூடிய பலம் தெரியும். அடைத்து வைத்த திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அமுக்கம் எல்லா இடத்துக்கும் சமனாகப் போகும் என்று 17 ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் காட்டியது இதுவே. காரில் சிறிய சிறிஞ்சு மாஸ்ரர் சிலிண்டர். பெரிய சிறிஞ்சுகள் சில்லுகளில் உள்ள சிலிண்டர்கள்.

இப்பொழுது குழாய்க்குள் சிறிது காற்றை விட்டு மீண்டும் அமுக்குங்கள். முதலில் காற்றுத்தான் நசியும். பெரிய தண்டு அசையாது, அல்லது தாமதித்து அசையும். நீர் இறைக்கும் இயந்திரத்தின் உறிஞ்சு குழாயில் காற்று இழுத்தால் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், தண்ணீர் வராது. அதே விடயம். பிறேக் மிதி பஞ்சு போல அமிழ்ந்தால் குழாய்க்குள் காற்று இருக்கிறது என்று பொருள்.

மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களில் நான்கு சில்லுக்கும் ஒரே சுற்று. எந்த ஒரு சில்லில் ஒழுகினாலும் நான்கு சில்லின் பிறேக்கும் போய்விடும். மாருதி போன்ற பின்வந்த கார்களில் சுற்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று போனாலும் மற்றது ஓரளவுக்கு நிறுத்தும். பழைய காரை ஓட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை ஒருபோதும் மறக்கக்கூடாது.

நீர் என்னும் எதிரி

பிறேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. மூடியின் சிறு துவாரத்தால், றப்பர் குழாயின் சுவரால் நாளாந்தம் சிறிது சிறிதாக நீர் சேரும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த எங்கள் குடாநாட்டில், மாரி மாதங்களில் தீப்பெட்டிகூட ஊறிப்போகும் இடத்தில், இது இன்னும் விரைவாக நடக்கும்.

போத்தலில் டொட் 3, டொட் 4 என்று எழுதியிருக்கும். இது அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் வகுத்த தரம். புதிய டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியசிலும், டொட் 4 குறைந்தது 230 பாகையிலும்தான் கொதிக்கவேண்டும். நூற்றுக்கு 4 பங்குக்கும் சற்றுக் குறைவான நீர் சேர்ந்துவிட்டால் இந்த எல்லை 140, 155 பாகைகளுக்கு இறங்கிவிடுகிறது. அந்த நிலையில் நெடுநேரம் பிறேக் பிடித்தால் சில்லடியில் திரவம் கொதித்து ஆவியாகும். ஆவி காற்றைப் போல நசியும். மிதி அடிவரை போகும். சூடு ஆறினால் மீண்டும் சரியாகிவிடும், ஆகவே பிறகு பார்க்கிறவர்களுக்குக் குறையே தெரியாது.

யாழ்ப்பாணம் மேடு பள்ளம் இல்லாத இடம். இங்கே ஓடும்போது திரவம் கொதிப்பது அரிது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதே காரில் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குப் போய் றம்பொடை இறக்கத்தில் பிறேக்கை மிதித்தபடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஊரில் ஒரு குறையும் காட்டாத ஒயில் அங்கேதான் காட்டும். இறக்கத்தில் பிறேக்கை மட்டும் நம்பாமல் குறைந்த கியரில் இறங்கவேண்டும்.

எங்கள் ஊரில் நீர் செய்யும் பெரிய கேடு துருதான். சேர்ந்த நீர் சிலிண்டரின் உட்சுவரைத் தின்று குழி விழுத்தும். குழியின் மேல் றப்பர் கப்பு உரசி உரசிக் கிழியும். ஓடாமல் நிற்கும் கார்களில் இது இன்னும் மோசம். 2022 இல் எரிபொருள் இல்லாமல் மாதக்கணக்கில் நின்ற கார்களையும், இடம்பெயர்ந்தபோது கொட்டிலில் விட்டுப்போய் பிறகு மீட்டெடுத்த கார்களையும் நாம் பார்த்திருக்கிறோம். எஞ்சின் இரண்டு நாள் வேலையில் எழும்பிவிடும். சந்தோஷத்தில் உடனே றோட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். எங்கள் அபிப்பிராயம் நேர் எதிரானது: நெடுநாள் நின்ற காரில் முதலில் பிறேக்கைத் திறக்கவேண்டும், எஞ்சினைப் பிறகு பார்க்கலாம். ஓடாத எஞ்சின் யாரையும் கொல்லாது.

கண்ணால், காலால் பார்க்கவேண்டியவை

கிழமைக்கு ஒரு தடவை, விடிய வேலைக்குப் போகமுன், ஐந்து நிமிடம் போதும்.

முதலில் ஒயில் கலம். பின்வந்த கார்களில் எஞ்சின் மூடியைத் திறந்தால் சாரதியின் பக்கமாக வெள்ளைப் பிளாஸ்டிக்கில் தெரியும். மேல் கோடு, கீழ்க் கோடு இரண்டுக்கும் இடையில் மட்டம் இருக்கவேண்டும். மூடியைத் தேவையின்றித் திறக்கவேண்டாம், வெளியிலிருந்தே பார்க்கலாம். பவர் ஸ்ரியறிங் உள்ள காரில் அதற்கும் இதுபோன்ற கலம் ஒன்று உண்டு; இரண்டையும் மாறிவிடாதீர்கள். மொறிஸ் மைனரில் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே இருக்கிறது. கம்பளத்தைத் தூக்கி மூடித்தகட்டைக் கழற்றித்தான் பார்க்கவேண்டும். அதனாலேயே வருடக்கணக்கில் யாரும் பார்ப்பதில்லை. திறக்கமுன் சுற்றிவர உள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். எங்கள் செம்மண் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் கப்பை அராவிவிடும்.

பிறேக் பாட் தேயத்தேய மட்டம் மெல்ல இறங்குவது இயல்பு. மாதக்கணக்கில் ஒரு விரல் இறங்கினால் பயமில்லை, பாட் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். ஒரு கிழமையில் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. அப்பொழுது ஊற்றி நிரப்பிக்கொண்டு ஓடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவதற்குச் சமன். சில்லுகளின் உட்பக்கத்தையும் ரயரின் உட்சுவரையும் பாருங்கள், ஈரம் இருக்கும்.

புதிய ஒயில் தெளிந்த இளமஞ்சள் நிறம். தேயிலைச் சாயம் போலக் கறுத்திருந்தால் மாற்றும் காலம் கடந்துவிட்டது. ஆனால் நிறம் நன்றாக இருப்பதால் நீர் சேரவில்லை என்று கொள்ளமுடியாது. நிறத்தைவிட நாட்காட்டியை நம்புங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது பொதுவான விதி.

பழைய கார் வாங்கும்போது முன்னையவர் என்ன ஊற்றினார் என்று தெரியாது. கலத்திலிருந்து சில துளியை எடுத்து ஒரு கண்ணாடிக் கிளாஸ் நீரில் விட்டுக் கலக்குங்கள். கரைந்து கலந்தால் சரி. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் யாரோ எஞ்சின் ஒயிலோ வேறு எண்ணெயோ ஊற்றியிருக்கிறார்கள். அந்தக் காரை ஓட்டவேண்டாம், கட்டியிழுத்து கராச்சுக்குக் கொண்டுபோங்கள். சோதித்த கிளாஸை மீண்டும் சமையலறைக்குக் கொண்டுபோகக்கூடாது.

பிறகு காலால் பாருங்கள். எஞ்சினை எழுப்பி, மிதியை ஒரே அளவாக அரை நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்ரர் சிலிண்டரின் கப்பு உள்ளுக்குள் விடுகிறது. வெளியில் ஈரமே தெரியாமல் இந்தக் குறை வரலாம்.

ஒயில் மாற்றுதலும் எயார் எடுத்தலும்

பிறேக் வேலை முன்பின் செய்யாதவர் முதல் தடவை தெரிந்த ஒருவருடன் சேர்ந்து செய்யவேண்டும். ஏபிஎஸ் உள்ள காரை வீட்டில் தொடவேண்டாம், கராச்சில் கொடுங்கள். மற்றவற்றில் இரண்டு பேர் இருந்தால் அரை நாளில் முடியும். கணவனும் மனைவியுமாகவே செய்யலாம். மிதியை மிதிக்கிறவர் சொல்லுக் கேட்டு மிதிக்கவேண்டும், அவ்வளவுதான்.

கடையில் முத்திரை உடையாத புதிய போத்தலாக வாங்குங்கள். சிறிய காருக்கு அரை லீற்றர் தொடக்கம் ஒரு லீற்றர் வரை போதும். காரின் மூடியில் எழுதியிருக்கும் தரத்தையே வாங்கவேண்டும். டொட் 3 உம் டொட் 4 உம் தம்முள் கலக்கலாம். டொட் 5 என்பது சிலிக்கோன் வகை, இவற்றுடன் கலக்கக்கூடாது. போன வருடம் திறந்து அலுமாரியில் வைத்த போத்தலை ஊற்றுவதில் பயனில்லை, அது அங்கேயே ஈரத்தைக் குடித்திருக்கும்.

காரைச் சமதரையில் நிறுத்திச் சில்லுக்கு அணை கொடுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகவேண்டாம். சீமெந்துக் கல்லும் வேண்டாம், அது ஒரு சத்தமும் இல்லாமல் பிளக்கும். தடித்த பனங்குற்றியோ இரும்புத் தாங்கியோ வையுங்கள்.

மாஸ்ரர் சிலிண்டருக்குத் தூரமான சில்லில் தொடங்குவது வழக்கம். எங்கள் வலப்பக்கச் சாரதிக் கார்களில் அது பின் இடது. பிறகு பின் வலது, முன் இடது, முன் வலது. குறுக்காகப் பிரித்த சுற்றுள்ள சில கார்களில் இந்த ஒழுங்கு மாறும். சில்லின் பின்புறம் உள்ள நிப்பிளைத் துடைத்து, சேலைன் குழாயின் ஒரு நுனியை அதில் மாட்டுங்கள். மறு நுனி, சிறிது புதிய ஒயில் விட்ட கண்ணாடிப் போத்தலுக்குள் அமிழ்ந்திருக்கவேண்டும். உள்ளே இருப்பவர் மிதியை மெதுவாக அமுக்கிப் பிடிக்க, வெளியே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்கிறார். பழைய ஒயிலும் குமிழியும் வெளியே வரும். நிப்பிளை இறுக்கிய பின்னரே காலை எடுக்கவேண்டும். முந்தி எடுத்தால் காற்றை உள்ளே உறிஞ்சிவிடும். "பிடி", "விடு" என்று இரண்டு சொல்லை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குமிழியில்லாத தெளிந்த ஒயில் வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்து அடுத்த சில்லுக்குப் போகலாம்.

இரண்டு இடத்தில் எல்லோரும் தவறுகிறார்கள். ஒன்று, வேலை மும்முரத்தில் மேலே உள்ள கலத்தைப் பார்க்க மறந்து, அது வற்றிக் காற்று இழுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவது. மற்றது, பழைய காரில் மிதியை அடித்தளம் வரை அமுக்குவது. வழக்கமாகக் கப்பு போகாத ஆழத்தில் சிலிண்டர் துருப்பிடித்திருக்கும். அங்கே போனால் நல்ல கப்பும் கிழிந்துபோகும். மிதிக்குக் கீழே ஒரு மரத்துண்டை வைத்துவிட்டால் இந்த ஆபத்து இல்லை.

வெளியே வந்த ஒயிலை வடித்துத் திரும்ப ஊற்றவேண்டாம், எவ்வளவு தெளிவாக இருந்தாலும். நிறப்பூச்சில் சிந்தினால் பூச்சு உரிந்துவிடும், உடனே நீர் ஊற்றிக் கழுவுங்கள். பழைய பிறேக் லைனரில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். டிரம்மைத் திறந்தால் தூசியை வாயால் ஊதவேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

முடிந்ததும் எஞ்சினை எழுப்பி மிதியை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்து ஒழுக்குப் பாருங்கள். பிறகு வளவுக்குள், அதன் பின் ஆளில்லாத ஒழுங்கைக்குள் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அதற்கு முன் பிரதான வீதிக்குப் போகவேண்டாம். 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பி வந்தது. வலிகாமம் வடக்குக்குப் போகும் பல பாதைகள் தண்டவாளத்தைக் கடக்கின்றன. அங்கே மிதி அமிழ்ந்தால் யோசிக்க நேரம் இராது.

ஓடும்போது அப்படி நடந்துவிட்டால் எஞ்சினை நிறுத்தாதீர்கள். மிதியை விரைவாகப் பல தடவை அடியுங்கள், சில வேளை பிறேக் கொஞ்சம் திரும்பி வரும். அதே நேரம் கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கைப் பிறேக்கை ஒரேயடியாக இழுக்காமல் படிப்படியாக இழுங்கள். கைப் பிறேக் கம்பியால் இயங்குவது, ஒயில் போனாலும் அது வேலை செய்யும். அதனால் அதையும் மாதம் ஒரு தடவை சரிபார்த்து வையுங்கள்.

கழற்றிய பழைய ஒயிலை என்ன செய்வது? கிணற்றடியிலோ வாய்க்காலிலோ வேலியோரத்திலோ ஊற்றவேண்டாம். எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது விரைவாகக் கிணற்று நீருக்குப் போய்ச்சேரும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றி 2014, 2015 இல் ஊர்முழுவதும் பட்ட கவலை எல்லோருக்கும் நினைவிருக்கும். பிறேக் ஒயில் நீரில் கரைவதால் படலமாக மிதந்து கண்ணுக்குக்கூடத் தெரியாது. குடித்தால் நஞ்சு. சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ சேர்த்து வைக்காமல், அது வந்த போத்தலிலேயே ஊற்றி மூடி, மேலே "பழையது, நஞ்சு" என்று எழுதி, பழைய ஒயில் சேர்க்கும் கராச்சில் கொடுங்கள். கொடுக்கும்வரை பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.